தெர்மல் கேமராவில் பிளாஸ்டிக்கின் உள்குறை ஏன் தெரியவில்லை?

சரி, அடுத்த கேள்வி. “மோல்டிங் செய்த பிளாஸ்டிக் பார்ட்டை தெர்மல் கேமராவில் பார்த்தேன், முழுக்க ஒரே நிறம். அறுத்துப் பார்த்தால் உள்ளே காற்றுக்குமிழி. கேமரா பழுதா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கேமராவில் கோளாறு இல்லைங்க. இது எக்ஸ்ரே மாதிரி ஊடுருவிப் பார்க்காது, மேற்பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை மட்டும்தான் பார்க்கும். மேசைமேல் கிடக்கிற பார்ட்டில் குமிழியும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் ஒரே சூட்டில் இருக்கும்போது காட்ட அதற்கு எதுவுமே இல்லை. நீங்கள்தான் சூடு கொடுக்க வேண்டும். ஃபிளாஷ் விளக்கோ ஹாலஜனோ, எதுவானாலும் பரப்பு முழுக்கச் சமமாகப் படட்டும். பிளாஸ்டிக்கின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.2 W/mK, காற்றுக்கு 0.026தான். அதனால் உள்ளே இறங்குகிற சூடு குமிழிக்கு மேலே வந்து தேங்கிவிடும், அந்த இடம் மட்டும் ஆறத் தாமதமாகும்.

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பிளாஸ்டிக்கில் வெப்பம் 1 மி.மீ. இறங்கவே ஏறக்குறைய 10 விநாடி ஆகும், 2 மி.மீ. என்றால் 40 விநாடி, ஏனென்றால் ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். உலோகத்தில் பழகியவர்கள் இரண்டு விநாடி பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். முதலில் பார்ட் முழுக்கப் பளிச்சென்று இருக்கும், மெல்ல மங்கும், அப்புறம் நகத்தளவு ஒரு திட்டு மட்டும் மங்காமல் நிற்கும். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அதன் ஓரமும் கலைந்து கரைந்துவிடும், ஆகவே முழு வீடியோவும் வேண்டும், ஒற்றைப் படம் போதாது.

அச்சிலிருந்து வந்த சூட்டோடும் பார்க்கலாம், ஆனால் தடிமனான இடங்களும் மெதுவாகத்தான் ஆறும், எனவே நல்ல பார்ட் ஒன்றின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஃபிளாஷ் வெளிச்சம் பெரும்பாலும் திரும்பிவிடும், கண்ணாடி நிறத்தில் உள்ளேயே போய்விடும், கழுவினால் போகிற கறுப்புப் பூச்சு அடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் குறையும் சிக்காது. குமிழியின் அகலம் அது இருக்கும் ஆழத்தளவாவது இருக்க வேண்டும், 3 மி.மீ. ஆழத்தில் ஊசிமுனைக் குமிழி தெரியவே தெரியாது. மேற்பரப்புக்குச் செங்குத்தாக இறங்கும் விரிசலும் அப்படித்தான், அதன் இரு பக்கமும் சூடு தடையில்லாமல் போய்விடும்.

முதலில் ஒரு கழிவு பார்ட்டின் பின்பக்கம் வெவ்வேறு ஆழத்தில், மறுபக்கம் வெளியே வராமல், சில துளைகள் போட்டு முன்பக்கத்திலிருந்து பதிவு செய்து பாருங்கள். எந்தத் துளை வரை தெரிகிறதோ, உங்கள் கேமராவின் எல்லை அதுதான்.