ஆரோக்கியத்தின் கதையும் அளக்கப்படாத உழைப்பும்

(திருகோணமலையில் நடைபெற்ற நூல் அறிமுகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுநிலை அதிபர் ஐயா அவர்களே, பல அலுவல்களுக்கிடையில் வருகை தந்திருக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் மாதர் சங்கத்து அம்மாமாரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் ஐயாவிடம் தமிழ் படித்தவன் நான். இன்று மேடையேறிப் பேசும் துணிவு அவர் இட்ட பிச்சை. மண்டபத்தைக் கட்டணமின்றித் தந்துதவிய தவிசாளர் அவர்களுக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி கூறுகிறேன். அவரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு எழுத்தாளர் இமையம் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’ நாவலைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அதன் தலைமைப் பாத்திரம், அதன் பேச்சுமொழி, தமிழ் நாவலில் முதிய பெண்ணுக்குக் கிடைத்த இடம் என மூன்று விடயங்களை எடுத்துக்கொள்ள எண்ணியுள்ளேன்.

நம் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’யை வெளியிட்டது 1895ஆம் ஆண்டில். அது நாயக்கர் காலத்து அரசகுடும்பத்தைச் சுற்றி எழுந்த கதை. ‘கோவேறு கழுதைகள்’ வெளிவந்தது 1994இல். அரண்மனைப் பெண்ணிடமிருந்து, தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பான காலனியில் அழுக்குத்துணி எடுத்து வெளுக்கும் ஆரோக்கியத்திடம் வந்து சேரத் தமிழ் நாவலுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

ஆரோக்கியம் புதிரை வண்ணார் குடும்பத்தவள். தீண்டாமையின் கீழ் நசுங்கிய மக்களுக்கும் கீழே வைக்கப்பட்டவள். அவள் துணி வெளுக்கிறாள், பிள்ளைப்பேறு பார்க்கிறாள், சாவு வீட்டில் செய்யவேண்டியதைச் செய்கிறாள், இரவில் வீடு வீடாகச் சென்று சோறு வாங்குகிறாள். கணவன் சவுரி, பிள்ளைகள் ஜோசப், பீட்டர், மேரி என்று அவளுடைய உலகம் சிறியது. மகள் மேரிக்கு நேரும் கொடுமையைக்கூட ஊரில் வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வழியில்லை. வயது ஏற ஏற, ஊரும் மாறுகிறது. அவளுடைய கைவேலைக்கு இருந்த தேவை குறைகிறது. அறுவடைக் களத்தில் அவளுக்கு விழும் தானியமும் குறைகிறது. அந்தக் களத்தில் அவள் கெஞ்சி நிற்கும் பகுதியை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். ஆரோக்கியத்துக்குப் போட்ட நெல்லை எல்லோரும் அளந்தார்கள். அவள் ஊருக்குப் போட்ட உழைப்பை அளக்க ஒருவரும் மரக்கால் எடுக்கவில்லை.

சம்பூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். 2006இல் இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்தவர். வெயிலில் நீண்ட வரிசை. மேசையில் இருந்த இளைஞர் பெயரும் வயதும் கேட்டார், பிறகு தொழில் என்ற இடத்தில் தாமாகவே ‘இல்லை’ என்று எழுதினார். ஆச்சிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும்.

“என்ன தம்பி, தொழில் இல்லையெண்டு எழுதிப்போட்டீர்? நாத்து நட்டனான், களை பிடுங்கினனான், சூடடிச்ச களத்தில நெல்லுத் தூத்தினனான். எருமை கறந்து, தயிர்ச்சட்டியைத் தலையில வச்சுக்கொண்டு மூதூர் மட்டும் நடந்தனான். இந்த வரிசையில நிக்கிற பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்ததும் நான்தான். இதுக்கெல்லாம் உம்மட கடுதாசியில என்ன பேர்?”

பின்னால் நின்ற மீசைக்காரர் ஒருவர், “எனக்கும் ஆச்சிதான்” என்றார். அவருக்குப் பின்னால் நின்ற பெண் கையை உயர்த்தினாள். ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள் உயர்ந்தன. அத்தனை நாளும் அழுதுகொண்டிருந்த முகாமில் அன்று சிரிப்பொலி கேட்டது. இளைஞரும் சிரித்துக்கொண்டே, “மொத்தம் எத்தனை பிள்ளை ஆச்சி?” என்று கேட்டார். “ஆர் தம்பி கணக்கு வச்சது?” என்றார் ஆச்சி. வரிசை நகர்ந்தது. தாளில் இருந்த ‘இல்லை’ மட்டும் அப்படியே இருந்தது. சில ஆண்டுகளில், ஊர் திரும்பாமலே ஆச்சி கண்மூடினார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு! இந்த ஆச்சியின் வாழ்வில் ஒரு நாவல் இருந்தது. ஆரோக்கியத்துக்கு ஓர் இமையம் வாய்த்தார். கட்டைபறிச்சானிலும் ஈச்சிலம்பற்றிலும் திரியாயிலும் கிண்ணியாவிலும் இருக்கும் நம் ஆச்சிமாருக்கும் உம்மாமாருக்கும் எழுத்தாளன் வரும்வரை காத்திருக்க வயது இடம்கொடாது. நாவலின் மொழியைப் பற்றி விரிவாகக் கூற எண்ணியிருந்தேன்; அதைவிட இது அவசரமானது.

ஆகவே தவிசாளர் அவர்களிடம் இவ்வேண்டுகோளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். பிரதேச சபை நூலகம் ஒவ்வொன்றிலும் முதிய பெண்களின் குரற்பதிவுகளுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போகலாம். பெரும் செலவு எதுவும் இல்லை; மாணவர் கையிலுள்ள தொலைபேசியே போதும். பதிவு செய்யப் போகும் பிள்ளைகள் பெயர், வயது என்று விண்ணப்பப் படிவம் போலத் தொடங்க வேண்டாம். முதன்முதலில் எந்த வயலில் இறங்கினீர்கள், எவ்வளவு கூலி நெல் தந்தார்கள், யார் யாருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் பகுதியை அழித்துவிடுங்கள். ஒரு பிரதியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். இப்பணியில் சேர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் தலைவர் ஐயாவிடம் பெயர் கொடுக்கலாம். நன்றி, வணக்கம்.