பிறந்தநாளுக்கு ஏது டைம்சோன்?

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிறந்த தேதி 1990-08-15 என்று பதிவாகியிருக்கிறது. சென்னையில் திறந்தால் 15 என்றே காட்டுகிறது. நியூஜெர்சியில் இருக்கும் யூசருக்கு 14 என்று வருகிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடலாமா?"

கூட்டாதீர்கள்! இந்த ஐந்தரையை எங்காவது ஒரு மூலையில் கூட்டி வைக்காத ப்ராஜெக்ட்டை நான் பார்த்ததே கிடையாது.

நேரம் இல்லாமல் வெறும் தேதியை இந்த வடிவில் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி, அதாவது உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அப்போது சென்னையில் அதே 15ஆம் தேதி காலை 5.30. நியூஜெர்சியில் முந்தின நாள் இரவு 8 மணி. நாம் கிழக்கே இருப்பதால் தப்பித்தோம், அவ்வளவுதான். இதையே திருப்பிப் பாருங்கள்: இங்கே 15ஐத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால், நம் நள்ளிரவு யுடிசிக்கு மாறி டேட்டாபேஸில் 14, பக்கத்தில் 18:30. அந்த 18:30ஐப் பார்த்து முழிக்காத டெவலப்பர் நம் ஊரில் உண்டா?

என் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். பிறந்தநாள் என்பது தினசரி காலண்டரில் ஒரு தாள். விமானம் ஏறினால் அது மாறாது. தேதியாகவே வையுங்கள், தேதியாகவே காட்டுங்கள். பணம் கட்டிய நேரம், லாகின் ஆன நேரம், இதெல்லாம் வேறு. அவற்றை யுடிசியில் வைத்து, காட்டும்போது யூசரின் டைம்சோனுக்கு மாற்றுங்கள்.

சரி, நீங்கள் இதைக் கேட்டிருக்கலாம்: இனி நடக்கப்போகிற அப்பாயின்ட்மென்ட்டை எப்படிச் சேமிப்பது? அதற்கும் யுடிசி போதும் என்பார்கள். போதாது. இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 மே வரை நம்மைப் போல ஐந்தரை. அப்புறம் ஆறரை, அதே வருடம் அக்டோபரில் ஆறு. 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரை. அந்த 2006 ஜனவரியில் ஒருவர், மே மாதம் காலை 10 மணிக்குக் கொழும்பில் டாக்டரைப் பார்க்கப் பதிவு செய்கிறார் என்று வையுங்கள். யுடிசி 4 மணி என்று மட்டும் சேமித்திருந்தால், மே மாதம் திரையில் 9.30 என்று வரும். டாக்டர் 10 மணிக்குத்தான் வருவார்.

அதனால் உள்ளூர் நேரம் 10:00, கூடவே 'ஏசியா/கொழும்பு' என்ற டைம்சோன் பெயர், இரண்டையும் வையுங்கள். அரசாங்கம் நேரத்தை மாற்றினால், டைம்சோன் பட்டியலை அப்டேட் செய்தால் போதும், கணக்கு சரியாகிவிடும்.

அப்புறம், க்ரோமில் டைம்சோன் பெயரைக் கேட்டால் 'ஏசியா/கல்கத்தா' என்று பழைய பெயர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் 'ஏசியா/கொல்கத்தா'வும் ஒன்றுதான். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு ப்ரோக்ராம் எழுதியிருந்தால் மட்டும் போய்ப் பாருங்கள்.