ஒரே சிம்பொனிக்கு எத்தனை ரெக்கார்டிங்? ரசனைதான் நடுவரே!

நடுவர் அவர்களே, எதிர்ல உக்காந்திருக்க எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். ஒரே இசைக்கு பல பதிவு தேடித் தேடி கேக்கறதும், "நான் இப்ப இத கேக்கறேன், நீயும் கேளு"னு பகிர்ந்துக்கறதும் ரசனையா, சேகரிப்பு வெறியா? இதான் தலைப்பு. ரசனைதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவி இப்பதான் ஒரு கேள்வி கேட்டு கைத்தட்டல மொத்தமா அள்ளிட்டுப் போனாங்க. இசையமைப்பாளர் பீத்தோவன் எழுதினது ஒரே ஒரு அஞ்சாவது சிம்பொனி (பெரிய வாத்தியக்குழு வாசிக்கற நீளமான இசை), நோட்ஸ் எல்லாம் அச்சுல இருக்கு, யார் வாசிச்சாலும் அதேதான், அப்பறம் எதுக்கய்யா பத்து ரெக்கார்டிங்? சரிங்க மேடம், கைத்தட்டல் நீங்களே வச்சுக்கோங்க, தீர்ப்பு மட்டும் எங்களுக்கு போதும். நீங்க எடுத்த அதே அஞ்சாவது சிம்பொனியவே எடுத்துக்கறேன், வேற எங்கயும் ஓடல.

ஆரம்பத்துல வர்ற அந்த நாலு நோட்டு எல்லாருக்கும் தெரியும். ட-ட-ட-டாஆன். அந்த நாலாவது நோட்டு தலைமேல ஸ்கோர்ல, அதாவது இசைய எழுதி வச்ச தாள்ல, ஒரு சின்ன வளைவு, உள்ள ஒரு புள்ளி, அதுக்கு பேரு ஃபெர்மாட்டா. இங்க நீட்டி நில்லுனு அர்த்தம். எவ்ளோ நேரம் நிக்கணும்? அத பீத்தோவன் எழுதவே இல்ல! வாத்தியக்குழுவ நடத்தற கண்டக்டர்தான் முடிவு பண்ணணும். அடுத்து அதே ட-ட-ட-டான் கொஞ்சம் கீழ இறங்கி வருது, அங்க மட்டும் கடைசி நோட்ட இன்னொரு பாருக்கும் (தாளக் கட்டத்துக்கும்) சேத்து இழுத்து எழுதிட்டு அதுக்கு மேல ஃபெர்மாட்டா வச்சிருக்கார், அதாவது ரெண்டாவது நிறுத்தம் முதல விட நீளமா இருக்கணும்னு சாடையா சொல்றார், இத எத்தனை கண்டக்டர் காதுல வாங்கறாங்க, எத்தனை பேரு ரெண்டையும் ஒரே அளவுல நிறுத்திட்டு போறாங்கனு ஒரே ஒரு ரெக்கார்டிங்க வச்சுக்கிட்டு எப்படிங்க தெரியும்? இதுக்கெல்லாம் ஆரம்பம் மட்டுமே கேட்டா போதும், பத்து செகண்ட் கூட ஆகாது.

டெம்போவும், அதான் வேகமும், அப்படித்தான். 1817ல பீத்தோவனே தன் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம்ங்கற தாளக் கருவியோட எண் குடுத்துட்டார், இந்த முதல் மூவ்மெண்ட்டுக்கு (பகுதிக்கு) நிமிஷத்துக்கு 108 அரைநோட்டு. பயங்கர வேகம். அந்த மெட்ரோனோமே பழுதா இருந்திருக்கும்னு சொல்றவங்க கூட இருக்காங்க. 1974ல வியன்னா பில்ஹார்மோனிக் வாத்தியக்குழுவ வச்சு கண்டக்டர் கார்லோஸ் க்ளைபர் பதிவு பண்ணினதுல அந்த வேகத்துக்கு பக்கத்துல போறார், மூச்சு விட இடமே இல்ல. அப்படியே 1947 மே மாசத்துக்கு போங்க, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்பறம் கண்டக்டர் ஃபுர்ட்வாங்க்ளர் தன்னோட பெர்லின் பில்ஹார்மோனிக் முன்னாடி மறுபடி வந்து நின்ன கச்சேரி, அதே சிம்பொனி. அவர் நிதானமா கனமா நடக்கறார், நடுவுல இழுக்கறார், தள்றார், வேகம் ஒரு இடத்துல நிக்காது. நோட்ஸ் ரெண்டுலயும் ஒண்ணுதான் மேடம். கேக்கறவனுக்கு உள்ள நடக்கறது ஒண்ணா?

"அது ரெண்டு பேரு, ரெண்டு ஸ்டைல், அவ்ளோதானே"னு எதிரணி முணுமுணுக்கறது காதுல விழுது. அப்ப ஒரே ஆள எடுத்துக்குவோம். பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், இசையமைப்பாளர் பாக் எழுதின கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ். 1955ல பதிவு பண்றப்ப வயசு 22, மொத்தமும் 38 நிமிஷத்துல முடிச்சுட்டார். அப்பறம் 1981ல, நியூயார்க்ல அதே ஸ்டுடியோவுக்கே திரும்பி வந்து அதையே மறுபடி வாசிக்கறார், இந்த தடவ 51 நிமிஷம். ரிப்பீட், அதாவது ஒரு பகுதிய திருப்பி வாசிக்கறது, சிலது சேத்துக்கிட்டார், உண்மைதான், ஆனா அதால மட்டும் நீளல. ஆரம்பத்துல வர்ற ஏரியாங்கற மெட்டுல ரெண்டு தடவையும் ரிப்பீட் கிடையாது, அதுவே முன்னாடி ரெண்டு நிமிஷத்துக்குள்ள, பின்னாடி மூணு நிமிஷம். சின்ன வயசுல "பாத்தியா என் விரல"னு வாசிச்சவர் பின்னாடி ஒவ்வொரு நோட்டையும் எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாக்கறார். ரெண்டுலயும் கூடவே முனகறது மட்டும் மாறல, அது வேற கதை. அவரு தன்னோட பழைய பதிவே போதும்னு உக்காந்திருந்தா 1981 நமக்கு கிடைச்சிருக்காதே. 1982 அக்டோபர்ல போய் சேந்துட்டார், புது பதிவு வெளிவந்த கொஞ்ச நாள்லயே. வாசிச்சவருக்கே ஒண்ணு பத்தல, கேக்கறவன் மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கணுமாம்!

இன்னொண்ணு சொல்றேன், இதுக்கு கொஞ்சம் நேரம் குடுங்க நடுவரே. இசையமைப்பாளர் மாலரோட ஒன்பதாவது சிம்பொனி. மாலர் 1911ல இறந்துட்டார், இத ஆர்கெஸ்ட்ரா வாசிச்சு அவர் கேக்கவே இல்ல. அடுத்த வருஷம் வியன்னால முதன்முதலா நடத்தினவர் அவரோட சிஷ்யர் மாதிரி இருந்த ப்ரூனோ வால்டர். அதே வால்டர் 1938 ஜனவரி 16ஆம் தேதி, வியன்னா பில்ஹார்மோனிக்கோட இத மறுபடி நடத்தறார், கச்சேரியிலயே பதிவு பண்றாங்க. வயலின் வரிசைல முதல் நாற்காலில மாலரோட மச்சான் அர்னால்ட் ரோஸே. ரெண்டே மாசத்துல, மார்ச்ல, ஹிட்லர் ஆஸ்திரியாவ பிடிச்சுட்டார். வால்டர், ரோஸே ரெண்டு பேருமே யூதர்கள். வால்டர் நாடில்லாம போனார், ரோஸே லண்டனுக்கு தப்பிச்சு ஓட வேண்டியதா போச்சு. அந்த ரெக்கார்டிங்ல கூட்டம் இருமறது கேக்கும், சத்தம் கரகரனு இருக்கும், சில இடத்துல வாசிப்பும் பதட்டமாத்தான் போகுது. சுமார் 70 நிமிஷம். அதே மனுஷன் 1961ல, எண்பது வயசு தாண்டி, அமெரிக்கால ஸ்டீரியோல பதிவு பண்றார், பத்து நிமிஷம் கூட ஆகுது, அவசரமே இல்ல, ஒலி பளிச்னு இருக்கு. எதிரணி சொல்ற மாதிரி ஒண்ணு போதும்னா புத்திசாலி எத எடுப்பான்? சுத்தமான ஸ்டீரியோவத்தான். அப்ப 1938 குப்பைக்கு. எனக்கு மனசு வரலீங்க.

அடுத்து அவங்க ரெண்டாவது பேச்சாளர் ஒரு வெடி போட்டார். ஜாய்ஸ் ஹாட்டோனு ஒரு இங்கிலாந்து பியானோ கலைஞர், அவங்க பேர்ல அவங்க கணவர் நூத்துக்கு மேல சிடி வெளியிட்டார், விமர்சகர்கள்லாம் ஆஹா ஓஹோனு எழுதினாங்க, 2007ல பாத்தா அடுத்தவங்க ரெக்கார்டிங்க எடுத்து பேர மாத்தி போட்டது. "ஒரு பெரிய ரசிகருக்கும் தெரியலயே, இதான் உங்க ரசனையா?"னு கேட்டார். நல்ல அடி, இல்லனு சொல்லல. ஆனா அது எப்படி மாட்டிச்சுனு அவர் சொல்லாம விட்டுட்டார் பாருங்க. ஒருத்தர் அவங்க பேர்ல வந்த, லிஸ்ட்ங்கற இசையமைப்பாளரோட இசை இருக்கற சிடிய கம்ப்யூட்டர்ல போட்டார், அது சிடிய அடையாளம் பாத்துச்சு, ஸ்க்ரீன்ல லாஸ்லோ சைமன்னு வேற ஒரு பியானிஸ்ட் பேரு வந்துச்சு. உடனே அந்த சைமன் பதிவ தேடிப் பிடிச்சு பக்கத்துல வச்சு கேட்டாங்க, அலைவடிவத்த அளந்து பாத்தாங்க, கடைசில கணவரே ஒத்துக்கிட்டார். இன்னொரு ரெக்கார்டிங் இருந்ததாலதானே ஐயா திருட்டு வெளிய வந்துச்சு? ஊர் உலகமே ஒண்ணு போதும்னு இருந்திருந்தா இன்னிக்கு வரைக்கும் பாராட்டிட்டு இருந்திருப்போம். அப்பறம், ஏமாந்தவங்க தப்பான பேர நம்பினாங்க, அது சரி. கேட்டது யாரோ நல்லா வாசிச்சதத்தான். காது ஏமாறல, அட்டைதான் ஏமாத்துச்சு.

"ஒண்ணையே பத்து தடவ கேக்கற நேரத்துல பத்து புது இசை கேக்கலாமே"ங்கறதும் வந்துச்சு. இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, அந்த பத்துலயே முங்கிப் போறவங்களயும் பாத்திருக்கேன். ஆனா புது இசை நமக்கு எந்த வழியா வருது? போலந்து இசையமைப்பாளர் குரெட்ஸ்கி 1976ல மூணாவது சிம்பொனி எழுதினார். அதுக்கு அப்பவே ரெக்கார்டிங் இருந்துச்சு, ஒண்ணுக்கு மேலயே இருந்துச்சு, உலகம் திரும்பிப் பாக்கல. 1992ல டான் அப்ஷா பாடி, லண்டன் சின்ஃபோனியெட்டா வாசிச்சு, டேவிட் ஸின்மன் நடத்தி இன்னொரு பதிவு வருது. ஒருத்தர் ஒருத்தர்கிட்ட "இத கேட்டியா"னு சொல்லிச் சொல்லி பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. ஏற்கனவே இருக்கே, இன்னொண்ணு எதுக்குனு யாராவது தடுத்திருந்தா?

மணி அடிச்சுட்டீங்க, தெரியுது, ஒரு நிமிஷம். பகிர்ந்துக்கறத பத்தி தலைப்புல இருக்கே, நான் இப்ப கேட்டுட்டு இருக்கறத பகிராம இறங்கினா தப்பு. டினு லிபாட்டி, ருமேனியாக்கார பியானோ கலைஞர், 1950 செப்டம்பர் 16, ஃபிரான்ஸ்ல பெஸான்ஸோன்ல நடந்த கச்சேரி. புற்றுநோய் முத்திப்போன நிலைமைல மேடை ஏறினார். பாக்கோட பார்ட்டிட்டா (நடன இசைத் தொகுப்பு) ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி விரல சும்மா ஒரு தடவ ஓட்டிப் பாக்கறார், அதுவும் பதிவுல இருக்கு, பியானோ எப்படி இருக்குனு தொட்டுப் பாக்கற மாதிரி. ஷோபன்ங்கற இசையமைப்பாளரோட வால்ட்ஸ் (நடன இசை) பதினாலு வாசிக்கணும், பதிமூணோட கை ஓய்ஞ்சு போச்சு. பதினாலாவதுக்கு பதிலா பாக் கோரல் (தேவாலயப் பாட்டு) ஒண்ணு வாசிச்சுட்டு எழுந்துட்டார். டிசம்பர்ல போயிட்டார், வயசு 33. இந்த கச்சேரிக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஜூலைல, ஜெனீவால ஸ்டுடியோல உக்காந்து அதே பார்ட்டிட்டாவும் அதே வால்ட்ஸ் பதினாலும் ஒண்ணு விடாம பதிவு பண்ணியிருக்கார், அதுவும் கிடைக்குது, ஒலியும் இத விட நல்லா இருக்கு.

ஒரே ஆளு, ஒரே வருஷம், அதே வால்ட்ஸ். ஒண்ணுல பதினாலு, இன்னொண்ணுல பதிமூணு. எதிரணில அடுத்து பேச வர்றவங்க ரெண்டையும் கேட்டுட்டு, இதுல எது போதும், எத தூக்கிப் போடலாம்னு இதே மைக்ல சொல்லட்டும். வணக்கம்.