வண்டி மலையில, சந்தை கீழே: ஸ்போர்ட்ஸ் காரை 'பார்க் அண்ட் செல்' முறையில விக்கிறதும் வாங்குறதும்

(காட்சி: குன்னூர் மலைப்பாதை. தாழ்வான இரு கதவு கார் ஒண்ணு கொண்டை ஊசி வளைவுல மெதுவா திரும்புது.)

ஊட்டியிலயோ கோத்தகிரியிலயோ ஒருத்தர்கிட்ட போர்ஷே பாக்ஸ்டரோ, மஸ்டாங்கோ, பி.எம்.டபிள்யூ இசட் ஃபோரோ இருக்குன்னு வெச்சுக்குவோம். விக்கணும். வாங்கக்கூடிய ஆள் பெரும்பாலும் கோயம்புத்தூர்ல, பெங்களூருல, கொச்சியில இருப்பார். ஸ்விஃப்ட் மாதிரி புரோக்கர்கிட்ட சொல்லிட்டு ரெண்டு நாள்ல காசை எண்ணுற வண்டியும் இல்ல. அதனால இந்த ரகக் கார்களை மட்டுமே பார்க்கிற டீலர் கடையில கொண்டுபோய் நிறுத்தி விக்கச் சொல்றாங்க. இதுதான் கன்சைன்மென்ட். கார் வியாபாரத்துல 'பார்க் அண்ட் செல்'னு சொல்வாங்க.

இதுல டீலர் வண்டியை வாங்கிக்கல. தன் இடத்துல நிறுத்தி, கழுவி, படம் எடுத்து, விளம்பரம் போட்டு, ஆளைக் கொண்டுவந்து, பேரம் பேசித் தர்றார். வண்டி விக்கிற வரைக்கும் உங்களோடதுதான். வண்டி ஒரு இடத்துல, ஆர்.சி.யில பேர் வேற ஒருத்தருக்கு. எல்லாச் சிக்கலும் இந்த இடைவெளியிலதான் பிறக்குது.

முதல்ல காசு. ரெண்டு விதமா பேசுவாங்க.

(காட்சி: திரையில் கணக்கு.)

ஒண்ணு, கமிஷன். உதாரணத்துக்கு 60 லட்சத்துக்கு வண்டி போகுது, 4 சதவீத கமிஷன்னா 2,40,000. அந்தக் கமிஷன் மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. 43,200. உங்க கைக்கு 57,16,800. பாலிஷ், சின்ன பெயின்ட் வேலை, கீழ இறக்குற செலவு தனி.

இன்னொண்ணு, 'நெட்' விலை. "எனக்கு 57 வந்தா போதும், மேல கிடைச்சா உங்களுக்கு"ன்னு விட்டுடுறது. டீலர் 62-க்கு வித்தா 5 லட்சம் அவருக்கு. கேட்க சுலபமா இருக்கு. ஆனா வண்டி என்ன விலைக்குப் போச்சுன்னே உங்களுக்குத் தெரியாம போகலாம். மார்க்கெட் நிலவரம் நல்லா தெரிஞ்சவங்க மட்டும் இதுக்குப் போகலாம். மத்தவங்களுக்குக் கமிஷன்தான் பாதுகாப்பு. வாங்குறவரோட விற்பனை பில் நகல் தனக்கும் வரணும்னு எழுதி வாங்கிக்கோங்க.

இதை, டீலர் தானே வாங்கி விக்கிறதோட குழப்பிக்காதீங்க. அங்க அவரோட லாபத்து மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. 2024 டிசம்பர்ல ஜெய்சால்மர்ல நடந்த கவுன்சில் கூட்டத்துல பழைய கார்களுக்கு எல்லாம் இந்த ஒரே விகிதம்னு முடிவாச்சு. ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு வித்தா இந்த வரி கிடையாது.

அடுத்தது ஒப்பந்தம். வாய்ப் பேச்சுல வண்டியை விடவே கூடாது. எத்தனை நாள்னு இருக்கணும். 60லேர்ந்து 90 நாள் நியாயம். அதுக்கு மேல ஒரே வண்டி ஒரே விளம்பரத்துல நின்னா "இதுல ஏதோ இருக்கு"ன்னு ஆளுங்க ஒதுங்கிடுவாங்க. குறைஞ்சபட்ச விலை, அதுக்குக் கீழ போனா உங்க சம்மதம், கொடுக்கும்போது ஓடிய கிலோமீட்டர், டெஸ்ட் டிரைவுக்கு அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர், கூட டீலர் ஆள் உட்காரணுமா, வண்டி கூரைக்குக் கீழ நிக்குமா வெயில்லயா, நடுவுல திரும்ப எடுத்தா என்ன கட்டணம், வாங்குறவர் பணம் போட்ட எத்தனை வேலை நாள்ல உங்க கணக்குக்கு வரும் – இத்தனையும். கடைசியா சொன்னதுதான் உயிர் நாடி. வித்த காசை வெச்சு டீலர் தன்னோட வேற கடனை அடைச்சுட்டு, உங்களுக்கு "அடுத்த வாரம் சார்"னு சொல்றதுதான் இந்தத் தொழில்ல நடக்கிற பழைய கோளாறு. வாங்குறவர் பணம் நேரா உங்க வங்கிக் கணக்குக்கு, கமிஷன் மட்டும் டீலருக்குன்னு ஏற்பாடு பண்ணிட்டா பாதிக் கவலை போச்சு. ரொக்கம் வேண்டாம். வருமான வரிச் சட்டத்துல 2 லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கத் தடை இருக்கு.

(காட்சி: படிவம் 29, படிவம் 30.)

இப்ப ஆர்.சி. விஷயம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, விக்கிறவர் தர்ற அறிவிப்பு. படிவம் 30, மாற்றக் கேட்கிற விண்ணப்பம். இந்த ரெண்டுலயும் தேதி, வாங்குறவர் பேர் எதுவும் இல்லாம வெறும் கையெழுத்து மட்டும் வாங்கி வெச்சுக்கிறது டீலர்களோட பழக்கம். "ஆளு வந்தா உங்களை மலையிலேர்ந்து வரச் சொல்ல வேண்டாம்ல"ம்பாங்க. போடாதீங்க. அந்தத் தாள் நாலு கை மாறலாம், ஆர்.சி.யில உங்க பேர் அப்படியே இருக்கும். பேர் மாறாம பல கை மாறின ஒரு காரோட விபத்து வழக்குல, ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு உச்ச நீதிமன்றம் 2018-ல தீர்ப்பு சொல்லியிருக்கு.

இதுக்காகவே 2022 டிசம்பர்ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமல்ல இருக்கு. பழைய வண்டி டீலர் ஆர்.டி.ஓ.கிட்ட அங்கீகாரச் சான்று வாங்கணும். அது 5 வருஷம் செல்லும். நீங்க வண்டியை ஒப்படைக்கும்போது ரெண்டு பேரும் சேர்ந்து, அரசோட வாகனப் பதிவு இணையதளமான பரிவாகன்ல படிவம் 29சி-யை, அதாவது வண்டியை டீலர்கிட்ட ஒப்படைச்ச அறிவிப்பைப் பதியணும். பதிஞ்சதும் வண்டி டீலர் பொறுப்புல போனதா அரசுக் கணக்குல ஏறிடும். அவர் வண்டியை எங்க ஓட்டினாலும் பயணப் பதிவேட்டுல எழுதணும். அதனால கடைக்குள்ள நுழைஞ்சதும் முதல் கேள்வி: "அங்கீகாரச் சான்று இருக்கா, 29சி போடலாமா?" மழுப்பினா வேற கடை பாருங்க. சோபாவும் காபி மெஷினும் எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் சரி.

இன்சூரன்ஸ்ல பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கு. தனியார் கார் பாலிசியில, வண்டியை எதுக்கெல்லாம் பயன்படுத்தினா செல்லாதுங்கிற பட்டியல்ல வாடகை, பந்தயம் இதோட 'மோட்டார் வியாபாரம்' சம்பந்தமான பயன்பாடும் வரும். அதாவது டீலர் ஆள் டெஸ்ட் டிரைவ்ல வண்டியை மதில்ல இடிச்சா, உங்க பாலிசி கை விரிக்க வாய்ப்பு இருக்கு. டீலர்கிட்ட வியாபாரத்துக்கான தனி பாலிசி இருக்கான்னு நகலோட கேளுங்க. நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி, வண்டியோட போகாது, ஆளோட வரும். வித்ததும் அதுக்கான கடிதம் வாங்கிட்டா 3 வருஷத்துக்குள்ள அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். 50 சதவீதம் வரைக்கும் சேர்ந்திருந்தா அது சின்னத் தொகை இல்ல.

லோன் இருந்தா வங்கிக் கடிதம், படிவம் 35 போட்டு ஹைபோதிகேஷனை, அதாவது ஆர்.சி.யில இருக்கிற வங்கி அடமானப் பதிவை முதல்ல எடுத்துடுங்க. வாங்குறவர் கேரளம், கர்நாடகம்னா படிவம் 28, அதாவது என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று); அங்க மறுபதிவும் வரியும் அவர் பாடு. மாநிலத்துக்குள்ளன்னா வித்தவர் 14 நாள்ல ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாள்ல.

(காட்சி: லிஃப்ட்ல தூக்கின கார், அடிப்பாகம்.)

இனி வாங்குறவர் பக்கம். மலையில கிடந்த ஸ்போர்ட்ஸ் கார்ல கிலோமீட்டர் குறைவா இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஈரமும் சும்மா நின்னதும் ஓட்டத்தை விட மோசம்.

லிஃப்ட்ல ஏத்தாம விலை பேசாதீங்க. எஸ்டேட் பாதை, வேகத்தடை, வளைவோட உள்பக்க மேடு – இதெல்லாம் முன்பம்பர் அடி உதட்டையும் அடித் தட்டையும் தின்னிருக்கும். போர்ஷேன்னா பம்பர் ஓரக் காத்து வழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. ரேடியேட்டரும் ஏ.சி. கண்டன்சரும் அங்கதான் இருக்கு. சில்வர் ஓக், யூகலிப்டஸ் இலை உள்ள புகுந்து நனைஞ்சு மக்கி, அலுமினியத்தை அரிச்சிடும். ஏ.சி. கேஸ் நிக்கலேன்னா முதல் சந்தேகம் அங்க. திறந்த மேல் வண்டியில தண்ணி வடியுற துளைகள் இலையால அடைச்சா, தண்ணி சீட்டுக்கு அடியில இறங்கும். பழைய பாக்ஸ்டர்ல கன்ட்ரோல் யூனிட் இருக்கிறதே சீட்டுக்கு அடியிலதான். கார்ப்பெட்டைத் தூக்கி அழுத்திப் பாருங்க, மூக்கையும் நம்புங்க. வயர் எலி கடிச்சிருக்கான்னும் பாருங்க.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரியில கொதிக்கும், ஈரம் ஏறினா அந்த வரம்பு 155. குன்னூர்லேர்ந்து 14 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பிரேக் சூடு ஏறி, ஆயில் கொதிச்சு ஆவியானா பெடல் தரையைத் தொடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தின பில் கேளுங்க. டிஸ்க்லயே குறைஞ்சபட்ச தடிமன் பொறிச்சிருக்கும், அளந்து ஒப்பிடுங்க. டயர்ல 2319-னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டின டயரைப் புது டயர் விலைக்குக் கழிச்சிடுங்க.

எஞ்ஜினை ஆறிய நிலையில நீங்களே ஸ்டார்ட் பண்ணணும். எஞ்ஜின் இருக்கிற பக்கத்து மூடியைத் தொட்டுப் பார்த்து சூடா இருந்தா, மறுநாள் காலை வரேன்னு சொல்லிட்டு வாங்க. போர்ஷேயோட படுக்கை எஞ்ஜின் (சிலிண்டர்கள் படுக்கைவாட்டுல இருக்கிறது) நின்னு கிளம்பும்போது கொஞ்சம் புகை விடுறது சகஜம், பயப்பட வேண்டாம். ஒரு பக்க சைலன்சர் குழாய் மட்டும் கரி பிடிச்சிருந்து, டக் டக்னு சத்தமும் இருந்தாதான் சிலிண்டர் சுவர் கீறலைச் சந்தேகப்படணும். 2009-க்கு முந்தைய 911, பாக்ஸ்டர், கேமன்ல இது தெரிஞ்ச வியாதி. ஸ்பார்க் பிளக் துளை வழியா கேமரா விட்டுப் பார்க்காம அட்வான்ஸ் தரக் கூடாது. காரோட கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறுகளைப் படிக்கிற ஸ்கேனர் போடும்போது பிழை எதுவும் இல்லேன்னு காட்டினா சந்தோஷப்படாதீங்க. சுயபரிசோதனை 'முடியல'ன்னு இருந்தா, யாரோ காலையில பிழைப் பதிவை அழிச்சிருக்கலாம். பெயின்ட் அளக்கிற கருவியில 100–150 மைக்ரான் சுத்தமானது. பல நூறு காட்டினா பட்டி பார்த்த இடம். அலுமினிய பாடிக்கு அதையும் அளக்கிற கருவியா இருக்கணும்.

2,240 மீட்டர் உயரத்துல ஊட்டியில காத்து அடர்த்தி ஐஞ்சில ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டி அந்த அளவு மந்தமாத்தான் இழுக்கும். "எஞ்ஜின் வீக்"னு விலையைக் குறைக்கவும் முடியாது, டீலர் "மலை சார், அப்படித்தான்"னு சொல்றதை அப்படியே நம்பவும் முடியாது. மேட்டுப்பாளையத்துல ஒருதரம் ஓட்டிப் பார்த்தா தீர்ந்தது.

வெளிநாட்டுலேர்ந்து பழையதா வந்த வண்டின்னா சுங்கத் தாள் கட்டாயம். 2025 செப்டம்பர்ல கேரளத்துல 'ஆபரேஷன் நும்கோர்'னு பூடான் வழி வந்த கார்களைச் சுங்கத் துறை தேடிப் பறிமுதல் பண்ணுச்சு. கூடலூர் எல்லையில விலை குறைவா வர்ற வண்டிகளுக்கு இது எச்சரிக்கை.

(காட்சி: அதிகாலை, கோத்தகிரி சாலை.)

இறக்குறது எப்படி? நீலகிரியோட டி.என். 43 பதிவு வண்டிக்கு, மலைக்கு வர்ற வெளியூர் வண்டிகளுக்காக 2024 மே மாசம் வந்த இ-பாஸ் தேவையில்ல. ஆனா பார்க்க வர்ற வெளியூர்க்காரர் தன் காருக்கு எடுத்துட்டுத்தான் வரணும். நீளமான ரெக்கவரி லாரி மேல வந்து வளைவுகள்ல திரும்புறது கஷ்டம். காலை ஆறு மணிக்கு மெதுவா மேட்டுப்பாளையம் வரை ஓட்டிட்டு, அங்க லாரியில ஏத்துங்க. சீசன்ல ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழின்னு போலீஸ் ஒருவழி ஆக்கினா அதுக்கேத்த மாதிரி நேரம் வைங்க. ஊட்டியிலேர்ந்து மசினகுடிக்கு இறங்குற கல்லட்டி வழியை இதுக்கு நினைக்கவே வேண்டாம். 36 வளைவு, செங்குத்து, தாழ்வான முன்பக்கத்துக்கு ஆகாது.

பேர் மாறின ஆர்.சி.யை பரிவாகன்ல பார்த்த பிறகு ரெண்டு வேலை மிச்சம். ஃபாஸ்டாக் உங்க வங்கிக் கணக்கோட இருந்தா மூடிடுங்க, இல்லேன்னா வாளையார் டோல் உங்க காசுல கழியும். காரோட செயலியில உங்க கணக்கையும், நேவிகேஷன்ல இருக்கிற வீட்டு முகவரியையும் அழிச்சு, ரெண்டாவது சாவியைக் கையெழுத்து வாங்கிட்டுக் கொடுங்க.