செல்ஃபியும் சேலையும்: காஞ்சிபுரம் கைத்தறி நாள் கூட்டத்தில் பேசியது

அவைத் தலைவர் அவர்களே, கூட்டுறவு சங்கத் தலைவர் ஐயா அவர்களே, மாணவிகளைப் பேருந்து நிறைய அழைத்து வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, சால்வைக்குப் பதில் கைத்தறித் துண்டு போர்த்திய வரவேற்புக் குழுவினரே, நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நிற்கும் பிள்ளையார்பாளையத்து நெசவாளப் பெருமக்களே, வணக்கம். உங்களைத்தான் முதலில் விளித்திருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் விடவில்லை.

1905 ஆகஸ்ட் 7-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் எழுந்த நாளைத்தான் 2015 முதல் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். அதன் தொடக்க விழா நம் சென்னையில் நடந்தது. இன்று செல்ஃபி, நெசவு, ஜரிகை என மூன்றின் ரகசியத்தையும் சொல்லப் போகிறேன். ஆள் பாதி, ஆடை பாதி அல்லவா?

செல்ஃபிக்கு முகம் ஜன்னலைப் பார்க்கட்டும். முதுகு காட்டினால் முகம் இருட்டிவிடும். போனைக் கிட்டே கொண்டுவந்தால் மூக்குதான் பெரிதாகும். கையை நன்றாக நீட்டி, கண்ணுக்குச் சற்று மேலே பிடியுங்கள். அவ்வளவுதான்.

இதை ஒரு தறி வீட்டில் கற்றேன். கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. மணப்பெண் தறிப் பக்கம் நிற்கிறாள், கூடத்தில் நிற்கிறாள், திண்ணைக்கே போய்விட்டாள், படம் சரிவரவில்லை. மாப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டுமாம், அவர் அங்கே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாராம்! குழித்தறியில் இருந்த பெரியவர், "இங்க வாம்மா, இந்த ஜன்னல் வெளிச்சத்துலதான் நான் அறுந்த இழையே தேடுறேன்" என்றார். வந்தாள். முகம் பளிச்சென்று விழுந்தது. உடனே சொன்னாள்: "தாத்தா, கொஞ்சம் நகருங்க, படத்துல நீங்க வர்றீங்க!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அவர் நகர்ந்துகொண்டார்.

உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, அதாவது குறுக்கு இழையை ஓட்டும் கட்டை. உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. ஒருவரால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தரவேண்டும், பெரும்பாலும் வீட்டுக்காரம்மாவோ பிள்ளையோ. முந்தானை வேறு நிறமென்றால் பெட்னி: தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு, உடல் பாவின் இழை ஒவ்வொன்றையும் முந்தானைப் பாவின் இழையோடு கையால் பிணைக்க வேண்டும். சேலையைத் திருப்பிப் பாருங்கள், அந்த இணைப்பு ஒரு கோடாகத் தெரியும். இத்தனை கை பட்டும் பில்லில் கடையின் பெயர் மட்டும். ஆள் பாதி என்கிறோமே, அந்த ஆள் எங்கே?

கோ-ஆப்டெக்ஸ் பட்டுச் சேலையோடு நெய்தவரின் படம் போட்ட அட்டை வைத்துக் காட்டியது. தனியார் கடைகளுக்கு மட்டும் ஏன் முடியாது? நெய்தவர் பெயர், துணை நாடா போட்டவர் பெயர், இரண்டும் சேலையோடு வரவேண்டும். வாங்கும்போது கேளுங்கள், மாணவிகளே. படம் போடும்போது அந்த அட்டையையும் கையில் பிடியுங்கள். ஆள் பாதி, ஆடை பாதி!

ஜரிகையைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசல் மேசையில் கோரிக்கை மனு இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.