கூரைமேல் போன பல்

நேயர்களுக்கு வணக்கம். சின்ன வயதில் பல் விழுந்தால் என்ன செய்தீர்கள்? சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்திருப்பீர்கள். நானும் எறிந்தவன்தான். பால் பல்லாக இருக்கும்வரை இந்தப் பல் மருத்துவனுக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஒன்பது வயதுப் பையன் சைக்கிளிலிருந்து குப்புற விழுந்தான். மேல் முன்பல் ஒன்று வேரோடு மண்ணில் கிடந்தது. அவன் அப்பத்தா பல்லை எடுத்து, வழக்கப்படி சாணியில் உருட்டி, ஓட்டுமேல் எறிந்துவிட்டார். அப்பா வேலை முடிந்து வந்து எனக்குப் போன் போட்டார். "பல் எங்கே?" என்றேன். "கூரையில இருக்கு டாக்டர்" என்றார். பிறகு ஏணி, டார்ச் லைட், பக்கத்து வீட்டுப் பையன்கள்... காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்தபோது நாலு மணி நேரம் ஓடிவிட்டது. டெட்டனஸ் ஊசி போடச் சொன்னேன். பல்லைக் கழுவி வைத்துப் பார்த்தேன். மெல்ல மெல்ல எலும்பு வேரைத் தின்றுவிட்டது. அப்பத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஏழெட்டு வயதில் முளைக்கிற பல் ஆயுசுக்கும் உள்ள பல் என்று அவருக்கு யார் சொன்னது?

விஷயம் இதுதான். பல் சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்புக்குள் நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ச்சவ்வு இருக்கிறது. அதில்தான் பல் தொங்குகிறது. பல் வெளியே வந்தாலும் அந்த நாரில் பாதி வேரோடு ஒட்டிக்கொண்டு உயிரோடு வரும். அது காயக் கூடாது. காய்ந்தபடி 60 நிமிடம் கடந்தால் பிழைப்பது கடினம். அதனால்தான் வேரைத் தொடாதீர்கள், சுரண்டாதீர்கள் என்கிறேன். நாம் மெல்லும் பக்கத்தைப் பிடித்து, மண் இருந்தால் லேசாக அலசி, பல் இருந்த குழியிலேயே வைத்துவிடலாம். கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு கிளம்புங்கள். பால் பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. அடியில் வளரும் பல் கெட்டுவிடும்.

வைக்கப் பயமா? பல்லைப் பாலில் போட்டுக் கொண்டு வாருங்கள். மறுபடி சொல்கிறேன், பால். தண்ணீரில் ஊறப் போட வேண்டாம், அந்த உயிரணுக்கள் ஊதி வெடித்துவிடும். தெப்பக்குளம் வறண்டு கிடந்த காலத்தில் பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடுவார்களே, அங்கே பந்து பட்டு ஒருவனுக்குப் பல் போனது. கூட ஆடியவன் ஓடிப்போய் டீக்கடையில், "அண்ணே, காய்ச்சாத பால் கொஞ்சம்" என்று கேட்டிருக்கிறான். மாஸ்டர் பாக்கெட்டை வெட்டி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அரை மணியில் டம்ளரோடு என் முன்னால் நின்றார்கள். அந்தப் பல் இன்னும் இருக்கிறது. காய்ச்சாத பால் என்று கேட்கத் தோன்றியதே, அந்தப் பையனுக்குத்தான் ஃபீஸ் கொடுத்திருக்க வேண்டும்!

பல் வெளியே வராமல் இடம் மட்டும் மாறுவதும் உண்டு. உள்பக்கம் மடங்கும், கீழே தொங்கும், சில சமயம் ஈறுக்குள் ஏறிப் புதைந்தே போகும். மடங்கினதையும் தொங்கினதையும் மரக்க ஊசி போட்டு இடத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு ஒட்டுவோம். தொங்கிய பல்லுக்கு 2 வாரம், மடங்கிய பல்லுக்கு 4 வாரம். "இறுக்கிக் கட்டுங்க டாக்டர்" என்பார்கள். கூடாது. கொஞ்சம் அசைவு இருந்தால்தான் நார் ஒழுங்காகச் சேரும். குழைந்த சாதம், இட்லி சாப்பிடலாம். புரோட்டாவுக்கு லீவு. வேர் முழுதாக வளர்ந்துவிட்ட பல்லுக்கு வேர் சிகிச்சையும் பெரும்பாலும் தேவைப்படும், அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

செல்லூர் கபடிப் பையன்களுக்காகப் பல் காப்பு உறை பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டுகிறார்கள். சுடுநீரில் இளக்கிக் கடித்து வடிவம் எடுக்கிற உறை விளையாட்டுக் கடைகளிலேயே கிடைக்கும், பயிற்சியிலும் போடச் சொல்லுங்கள். வணக்கம்.