மூணே எழுத்து, 430 அர்த்தம்

வணக்கங்க. இன்னிக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைய பத்தி தான் பேச போறேன், செட். இதுக்கு போயி ஒரு கூட்டமானு நினைக்காதீங்க, நான் பேசிட்டு இருக்கறதே மைக் செட்டுல தான், கல்யாணத்துக்கு பேண்டு செட்டு, வயக்காட்டுல பம்பு செட்டு, ஓட்டல்ல ஒரு செட் பரோட்டானா ரெண்டு, "அவன் எங்க செட்டு"னா ஒரே வருஷம் படிச்சவன், பொண்ணு பாத்துட்டு வந்து "செட் ஆகல"ன்னாங்கன்னா ஜாதகமும் இருக்கலாம் சம்பளமும் இருக்கலாம், நாம கேக்க கூடாது.

இது நம்ம கணக்கு. அவங்க கணக்கு என்னன்னா, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோட ரெண்டாம் பதிப்பு 1989ல 20 வால்யூமா வந்துச்சு, அதுலயே ரொம்ப நீளமான பதிவு செட்டுங்கற வினைச்சொல்லுக்கு தான், சுமாரா 430 அர்த்தம், 60,000 வார்த்தை, ஒரு நாவலே போடலாம். அப்புறம் அடுத்த பதிப்புக்கு வேலை பாக்கறப்ப ரன்னுங்கற (run) வினைச்சொல் முந்திருச்சு. பீட்டர் கில்லிவர்னு ஒரு அகராதிக்காரரு ஒம்பது மாசம் அத மட்டும் வச்சு பிரிச்சு 645 அர்த்தம்னு எழுதினாரு. இருக்கட்டும், எனக்கு செட்டு மேல தான் பாசம், ரன்னுல எங்கயோ ஒரு ஓட்டம் தெரியும், இதுல எத புடிச்சுக்கறதுன்னே தெரியாது.

ஏன் இவ்வளவுன்னா, அடியில ரெண்டு வார்த்தை கிடக்கு. ஒண்ணு பழைய இங்கிலீஷ் செட்டன், உக்காரறதுக்கு சிட்னு (sit) சொல்றோமே அதுக்கு சொந்தக்காரன், உக்கார வைக்கறதுன்னு அர்த்தம். இன்னொண்ணு லத்தீன் செக்டா, மதத்துல பிரிவுக்கு செக்ட்னு சொல்றோமே அதே தான், பழைய பிரெஞ்சு வழியா கூட்டம்ங்கற அர்த்தத்துல வந்து இதோட கலந்துருச்சு.

உக்காரறதுங்கறத மட்டும் புடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. சூரியன் செட் ஆகுது, சிமெண்ட் செட் ஆகுது. சிமெண்ட்டுக்கு இத ஊசி வச்சே அளப்பாங்க தெரியுமா? விகாட் கருவினு பேரு, 40 மில்லிமீட்டர் உயர அச்சுல குழைச்ச சிமெண்ட்ட நிரப்பி ஊசிய இறக்குவாங்க, முதல்ல அடி வரைக்கும் போகும், நேரம் ஆக ஆக போகாது, அடியில இருந்து 5 மில்லிமீட்டருக்கு மேலயே நின்னுருச்சுன்னா இனிஷியல் செட்டிங், அதாவது இறுக ஆரம்பிச்சாச்சு. சாதா சிமெண்ட்டுக்கு அது 30 நிமிஷத்துக்கு முன்னாடி நடக்க கூடாது, ஃபைனல் செட்டிங் 600 நிமிஷத்துக்குள்ள முடியணும்னு நம்ம நாட்டு தர விதி. கலவைய கலக்கி வச்சுட்டு ஆளுங்க டீக்கு போனா மேஸ்திரி கத்தறாரே, சும்மா கத்தல.

டென்னிஸ் செட்டு எல்லாருக்கும் தெரியும், ஆறு கேம் எடுத்து ரெண்டு முன்னாடி இருந்தா முடிஞ்சுது, ஆனா 2010 விம்பிள்டன்ல இஸ்னரும் மஹுவும் ஆடுன கடைசி செட்டு 70-68, மேட்ச் மொத்தம் 11 மணி 5 நிமிஷம், மூணு நாள் இழுத்துச்சு. சரி அத விடுங்க.

நிஜமா மண்டைய காய வைக்கறது செட்டுக்கு பக்கத்துல வந்து உக்காரற குட்டி வார்த்தைங்க தான். செட் அசைட்னு ஒண்ணு இருக்கு. அம்மா மாசா மாசம் ஆயிரம் ரூவா செட் அசைட் பண்ணா அது சேமிப்பு, பத்திரமா இருக்கு. அதே ஹைகோர்ட் கீழ்கோர்ட் தீர்ப்ப செட் அசைட் பண்ணா அந்த தீர்ப்பு காலி! ஒரே ரெண்டு வார்த்தை, ஒரு இடத்துல எடுத்து வைக்குது, ஒரு இடத்துல தூக்கி போடுது. யாரு செய்யறா, எத செய்யறான்னு பாக்காம அர்த்தம் சொல்லவே முடியாது.

பசங்க கேப்பாங்க, அப்ப 430ம் மனப்பாடம் பண்ணணுமா சார்னு. ஏன்டா, சட்டை போடு, டீ போடு, சண்டை போடு, கணக்கு போடு, கையெழுத்து போடு, ஆடு குட்டி போட்டுச்சு, குளிர்ல ஸ்வெட்டர் போடு, மொய் எவ்வளவு போட்ட, இதெல்லாம் உனக்கு லிஸ்ட் போட்டு எவன் சொல்லி குடுத்தான்? (சிரிப்பு) பாத்தியா, லிஸ்ட்டும் போட்டாச்சு. பக்கத்துல எது நிக்குதோ அதோட சேத்தே காதுல விழுந்துச்சு, அப்படியே ஒட்டிக்கிச்சு. செட்டயும் அப்படி ஜோடியா தான் எழுதி வைக்கணும், தனியா எழுதுனா வேஸ்ட்டு.

சரி, கேள்வி இருந்தா கேளுங்க, பரீட்சைக்கு எத்தனை அர்த்தம் போதும்ங்கறத தவிர.